செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்

சத்தியமாக நடந்தது இது. நம்பாதவர்கள் திண்டிவனம் பைபாஸில் பழைய வண்டி விற்கிற புகழேந்தியைப் போய்ப் பாருங்கள். செருப்புப் போடுவதையே விட்டுவிட்டான், பெரிய மனுஷன்!

காணை கிராமத்தில் அந்தப் பிக்கப் வண்டியை வாங்கும்போது மட்டும் அவனுக்கு என்ன திமிர்! அதன் சொந்தக்காரர் ஆரோக்கியராஜ், ஸ்டியரிங்கில் இருந்தபடியே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒன்பது வருஷ வண்டி, ஒரு கீறல் கிடையாது. பிள்ளையைப் போல வைத்திருந்தார் மனிதர். அவர் மனைவி அமலா சாவியைக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"செருப்ப கழட்டிட்டு ஏறுங்கண்ணா. அவரு அப்படித்தான் ஏறுவாரு."

"இது என்னா, உங்க சர்ச்சா?"

இளித்துக்கொண்டே சாணி மிதித்த செருப்போடு ஏறி உட்கார்ந்தான். தூ!

சாவு விழுந்த வண்டி என்று தெரிந்தால் ஒரு பயலும் தொடமாட்டான். ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காரணம் சொல்லாமலே நழுவிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் சீனுவாசன், பனமலையில் கரும்பு போடுகிறவர். இவரும் கைவிட்டால் ஊரே பேசும், கடையே படுத்துவிடும்.

"ஓனரு துபாய் போயிட்டாருங்க," என்று வாய் கூசாமல் சொன்னான்.

பகல் 11.40. சீனுவாசன் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வண்டி நின்ற இடத்தில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. ஒன்று சீனுவாசனுடையது. இன்னொன்று தேய்ந்த ரப்பர் செருப்பு, அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது.

'எந்தப் பிச்சைக்காரனுது?' புகழேந்தி அதை எட்டி உதைத்தான்.

12.05. வண்டி வரவில்லை.

12.20. ரப்பர் செருப்பு பழைய இடத்திலேயே... ஜோடி சேர்ந்து இருந்தது.

12.35. டுர்ர்ர்... வண்டி வந்து நின்றது. சீனுவாசன் வெறுங்காலோடு இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"வண்டி தங்கம்ங்க! ஆனா ஏன் பொய் சொன்னீங்க? ஓனரு இங்கதானே கீறாரு!"

"யாரு?"

"கூடவே வந்தாரே! செருப்ப கழட்டிட்டு ஏறச் சொன்னாரு. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு, பாவம். உள்ளதான் உக்காந்துகினு இருக்காரு, பாருங்க."

புகழேந்தி பார்த்தான்.

உள்ளே...

யாருமில்லை.

அமலாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கர் தானாக அலறியது.

"உங்க வூட்டுக்காரு செருப்பு... ஊக்கு குத்தினதா?"

"ஆமாண்ணா, உங்களுக்கு எப்படி தெரியும்? அத பெட்டியில அவரு கூடவே வெச்சிப் பொதச்சிட்டோமே..."

சீனுவாசன் தம் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார்.

பிக்கப் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதன் பக்கத்தில் போகவே புகழேந்திக்கு உதறல். ஆனாலும் தினமும் காலையில் பார்த்தால் அப்போதுதான் துடைத்துவிட்டது போல ஈரமாகப் பளபளக்கிறது.