அக்கா கழுத்தில் போட்ட தாலிக்கொடி

மகள் கல்யாணத்துக்குத் திருச்சியில் நகை வாங்கினேன். புது நகையைச் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் ஊர் திரும்பும் விமானம் இறங்குவதற்கு முன், கூட வந்த அக்காவிடம் தாலிக்கொடி உட்பட எல்லாவற்றையும் நீட்டினேன். எங்கள் ஊரில் லுக்குட் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் இருக்கும் அக்கா, மாமா இறந்த நாளிலிருந்து பொட்டுத் தங்கம் போட்டதில்லை.

"தாலிக்கொடிய நான் போடலாமாடா தம்பி?"

"யாருக்கா பாக்கப்போறா? கேட்டா உன்னுதுன்னு சொல்லு லா."

சுங்கத்தில் ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி எங்களை நிறுத்தினார். முந்தானையை இழுத்து இழுத்துக் கழுத்தை மூடிய அக்காவின் கையே காட்டிக்கொடுத்துவிட்டது.

"எல்லாம் புதுசா இருக்கே. யாரு வாங்கினதும்மா?"

"நான்தான் வாங்கினேன். தம்பிக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

நான் தள்ளுவண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவை உள்ளறைக்கு அழைத்துப் போகும்போதுதான் வாய் திறந்து உண்மையைச் சொன்னேன். வரியும் அபராதமும் கட்டி நகையை மீட்டோம். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

கல்யாணத்தன்று அதே தாலிக்கொடியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். சுமங்கலிகள் ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள். பின்வரிசையில் நின்ற அக்காவைத் தட்டு தாண்டிப் போனது. அவள் ஏதும் நடக்காதது போல முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அக்காகிட்டயும் காட்டுங்க" என்று நான் ஒருவன் சொல்லியிருந்தால் போதும். அங்கேயும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முறை அபராதம் கேட்க யாருமில்லை.