ஆறாம் தடத்து மணற்குழி

நான் பொறுமைசாலி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் திடல் வரைகிறேன் என்றதும் ஊரில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர், "அது காசுக்காரரின்ரை விளையாட்டெல்லோ?" என்றார்கள். இல்லை, இது பொதுத் திடல், சாரம் கட்டிக்கொண்டு வந்தும் ஆடலாம் என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றியது.

இடம் யாழ்ப்பாணத்தில், கொழும்புத்துறைக்கு அப்பால், கடல்நீரேரியோரம். பயிரும் விளையாத, வீடும் கட்ட முடியாத உவர்த்தரை. அதில் ஆறு தடங்கள். கொழும்பில் மற்றவர்களின் வரைபடங்களுக்குக் கோடு போட்டே காலத்தைக் கழித்த எனக்கு, என் பேரில் வரப்போகும் முதல் திடல் இதுதான். இது சொதப்பினால் பிறகு யார் என்னைக் கூப்பிடுவார்கள்?

பந்தை அடிப்பது கை. ஆட்டம் நடப்பது தலைக்குள். தடத்தின் முடிவில் ஒரு கொடி, கொடியடியில் சின்னத் துளை. நேரே அடித்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம், ஆனால் அந்த நேர்வழியில் ஒரு மணற்குழி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். சுற்றிப் போனால் ஒருமுறை கூடுதலாக அடிக்க வேண்டும், பயமில்லை. துணிவதா, சுற்றுவதா? அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் குழி. குழி இல்லையென்றால் அது வெறும் புல்தரை, மாடு கட்டலாம்.

எங்கள் பக்கம் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். நிர்வாகக் குழு திடலுக்கும் அதையே செய்தது. தடத்துக்கு ஓர் உபயகாரர், இறந்துபோன உறவினர் பேரில் ஒரு பலகை. நல்ல யோசனைதானே என்று நானும் தலையாட்டினேன். சனி பிடித்தது அங்கேதான்.

கனடாவில், ரொறன்ரோவிலிருந்து ஓர் உபயகாரர் ஃபோனில் கூப்பிட்டார். "அப்பாவின்ரை பேரிலை குழி வெட்டுறியளோ? உதென்ன அபசகுனம்!" லண்டன் அக்கா ஒருத்தி, "அம்மாவின்ரை தடத்திலை ஒருத்தரும் கஷ்டப்படக் கூடாது" என்று அழுதாள். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து தடங்களிலும் குழி போயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் நான் தங்கியிருந்த அறையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறித் திடலுக்குப் போவேன், காரணமில்லாமல் சுற்றி நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன்.

மிஞ்சியது ஆறாம் தடம். அது நிர்வாகத் தலைவரின் உபயம். ஓய்வுபெற்ற தபால் அதிபர் அவர். தடம் காலமான அவருடைய அண்ணையின் பேரில். கல்யாணமே செய்யாமல், லொறி ஓட்டித் தம்பியைப் படிப்பித்த மனிதர் அந்த அண்ணை.

"ஐயா, இந்த ஒண்டையாவது விட்டுவையுங்கோ," என்று கெஞ்சினேன்.

"அண்ணை பட்ட பாடு போதும் பிள்ளை. அவரின்ரை பேரிலை ஒருத்தரும் விழுந்தெழும்ப வேண்டாம். மட்டமா இருக்கட்டும்."

மறுநாளே மண்ணைக் கொட்டி நிரவிவிட்டார்கள். வந்த எரிச்சலில் வரைபடத்தைச் சுருட்டி மூலையில் எறிந்தேன்.

வெள்ளோட்டத்தன்று சனம் திரண்டது. வடை, சோடா, ஒலிபெருக்கி, ஒன்றுக்கும் குறைவில்லை. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆறாம் தடத்தில் முதல் பந்தை அடித்தார். காய்ந்த தரையில் அது உருண்டு உருண்டு கொடிக்குக் கிட்டவே போய் நின்றது. ஒரே கைதட்டல். அடுத்தவரும் அதே வழி, அதற்கடுத்தவரும் அதே வழி. கொஞ்ச நேரத்தில் கைதட்டல் ஓய்ந்தது, பேச்சு கிரிக்கெட்டுக்குத் தாவியது. வெயில் ஏறுமுன்னே சனம் கலைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. சொன்னேனே என்ற கெட்ட சந்தோஷமும் கூடவே வந்தது.

தலைவர் மட்டும் அண்ணையின் பலகைக்கு முன்னால் நின்று, சால்வையால் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் இதை வாசிக்கேல்லை, பிள்ளை."

எனக்குக் கோபம் ஆறவில்லை. "ஏன் வாசிக்கோணும் ஐயா? நிண்டு யோசிக்க இங்கை என்ன கிடக்கு?"

அவர் சால்வையை மடித்துத் தோளில் போட்டார். பிறகு மெல்லச் சொன்னார். "பிள்ளை குட்டி இல்லாத மனுசன். அவரின்ரை பேரைச் சொல்ல இப்ப நான் ஒருத்தன்தான் இருக்கிறன். நானும் போனா?"

அவர் கொட்டிலுக்குப் போய் ஒரு மண்வெட்டியோடு வந்தார்.

"எங்கை வெட்டுறது?"

குதிகாலால் தரையில் கீறிக் காட்டினேன்.

"ஆழமா வேணும். பலகையைக் குழியின்ரை விளிம்பிலை நட்டுவிடுவம்," என்றார் அவர்.

"ஐயா, விழுறவன் எல்லாம் அண்ணையைத் திட்டுவான்."

"திட்டட்டும். பேரைச் சொல்லித்தானே திட்டவேணும்?"

மண்வெட்டியை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

மற்ற ஐந்து உபயகாரருக்கும் குழி கேட்டு நான் இன்னும் ஃபோன் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன், இருப்புக் கொள்கிறதா என்ன! ஆனால் ஆறாம் தடத்தில் இப்போது பின்னேரங்களில் எப்போதும் ஆட்கள் நிற்கிறார்கள். துணிந்து அடித்தவனின் பந்து மணலில் புதையும். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு அண்ணையின் பேரை உரக்கச் சொல்லித் திட்டுவான். ஓரத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் தலைவர் கோப்பையைக் கீழே வைப்பார்.

"ஓம், ஓம்," என்பார். "என்ரை அண்ணைதான்."