தரிப்பிடச் சுவரில் எந்தத் துப்பாக்கி

"சனிக்கிழமை, பின்னேரம் மழை. குண்டசாலை பஸ் தரிப்பிடம். சுவரில் ரி-56 வரைந்தாயிற்று. தகப்பன் ஒப்பவில்லை. அவர் சொல்லும் காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆண்டைச் சரிபார்க்க வேண்டும்."

சென்ற புரட்டாதியில் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நான் எழுதிவைத்த குறிப்பு இது.

போரில் இறந்த மகனின் பெயரில் பஸ் தரிப்பிடம் கட்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்துச் சிங்களக் குடும்பங்களில் உள்ள வழக்கம். கூரை, உட்காரச் சீமெந்து வாங்கு, பின்சுவரில் பெயரும் திகதியும் பொறித்த கல். சிலர் சுவரில் மகனின் உருவத்தையும் வரைவிப்பார்கள். நான் தினமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தரிப்பிடத்தைக் கட்டியவர் இளைப்பாறிய பஸ் சாரதி. தோட்டப் பாதைகளில் ஓடியவர் என்பதால் தமிழ் சரளமாக வரும். பழைய படம் மழையில் உரிந்துபோயிருந்தது. நினைவு நாளன்று பிக்குமாருக்குத் தானம் கொடுப்பதற்குள் புதிதாக வரைய வேண்டுமென்றார். மஹய்யாவையில் விளம்பரப் பலகை எழுதும் என் மச்சானை நான்தான் அழைத்து வந்தேன்.

மச்சான் இப்படிப் பல சுவர்கள் வரைந்தவன். குடும்பம் கொடுத்த புகைப்படத்தில் முகமும் தோளும் மட்டுமே இருந்தன. மீதியைப் பழக்கத்தில் முடித்தான்: பச்சை உடுப்பு, தொப்பி, கையில் வளைந்த மகசினோடு ரி-56 துப்பாக்கி. இதுவரை எந்தத் தகப்பனும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

சாரதி குடையோடு வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு மச்சானிடம் கேட்டார்.

"பாஸ், இந்தத் துவக்க யாரு இவனுக்குக் குடுத்தது?"

"ஆமிதான் ஐயா. வேற யாரு குடுப்பாங்க?"

"குடுக்கல்ல. அதுதானே கதையே."

பிறகு என் பக்கம் திரும்பி, ஐயா என்பதைச் சிங்களத்தில் சொல்லி அழைத்தார். "மாத்தயா, இவன் போனது சண்டை தொடங்கின காலத்தில. கையில இருந்தது பழைய நீட்டுத் துவக்கு. எஸ்.எல்.ஆர். அதில இருபது குண்டுதான். இதில முப்பது. இது மட்டும் அவன்கிட்ட இருந்திருந்தா வந்திருப்பான்."

இத்தனை வருடமும் அவர் ஊன்றி நின்றது இந்த ஒரு நம்பிக்கையில்தான். சுவரில் புதிய துப்பாக்கி இருந்தால், கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்தும் மகன் திரும்பவில்லை என்றாகிவிடும். அவர் கேட்டது படத்துக்கான திருத்தம் அல்ல. அவருடைய காரணம் உண்மைதானா என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. பழைய சம்பவங்களின் ஆண்டையும் திகதியையும் தேடிச் சரிபார்க்கிறவன் என்று தெருவில் பெயரெடுத்தவன் நான். ஆகவே என்னைக் கேட்டார்.

அந்தத் துப்பாக்கியை எனக்கும் தெரியும். ரஷ்ய வடிவத்தைப் பின்பற்றிச் சீனர் செய்தது. பெயரிலுள்ள ஐம்பத்தாறு, சீனா அதை ஏற்றுக்கொண்ட ஆண்டு. பல நாடுகளுக்கு விற்றார்கள். இங்கே வந்ததும் பஸ் இலக்கம் போல எல்லோர் வாயிலும் புழங்கலாயிற்று. இன்றும் எங்காவது சூடு விழுந்தால் பத்திரிகையில் 'ரி-56 ரகத் துப்பாக்கி' என்ற சொற்கள் தவறுவதில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற காலத்தில் நான் சிப்பாயின் முகத்தைப் பார்த்ததில்லை. அதன் செம்பழுப்பு மரப்பிடியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது இல்லாமற்போனதால் ஒரு பிள்ளை இறந்தான் என்று ஒரு தகப்பன் சொன்னபோது, கல்லிலிருந்த திகதியைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

தேநீரோடு வந்த அவருடைய மனைவி படத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "இருக்கட்டும். சுவரிலயாவது பிள்ளைக்குப் புதுசு கிடைக்கட்டும்."

"பொய்யைச் சுவரில எழுதுறதா?" என்று சாரதி சீறினார்.

மச்சான் தூரிகையைக் கழுவிக்கொண்டே சமாதானம் பேசினான். "துப்பாக்கியே வேணாங்க ஐயா. ரெண்டு கையையும் பின்னால கட்டி நிக்கிற மாதிரி போட்டுருவோம்."

"கையக் கட்டி நிக்க இவன் என்ன, டிப்போவில பைன் காசு கட்ட வந்த கண்டக்டரா?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

நான் கைவசம் இருந்த புத்தகங்களைப் புரட்டினேன். ரி-56 இங்கே எண்பதுகளில் வந்தது என்பதில் அவற்றுக்குள் சண்டையில்லை. எந்த ஆண்டு, எந்தப் படைக்கு முதலில் என்பதில் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கலகெதரையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் இளைப்பாறிய சார்ஜன்ட் ஒருவரைத் தேடிப் போனேன். பருப்பை நிறுத்துக்கொண்டே அவர் சிங்களத்தில் சொன்னார்: "ஒரே நாள்ல எல்லாருக்கும் வரல்ல. எங்க கம்பனிக்கு வந்தப்போ பக்கத்துக் கம்பனி நீட்டுத் துவக்கோடதான் இருந்தாங்க. நீங்க சொல்ற பையனோட கம்பனி எனக்குத் தெரியாது." கல்லிலிருந்த திகதியைச் சொன்னேன். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். "அந்தக் காலத்தில ரெண்டும் இருந்திச்சு, மாத்தயா."

அதை அப்படியே சாரதியிடம் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர் வாங்கில் உட்கார்ந்து கேட்டார். ஒரு பஸ் வந்து நின்று, நாங்கள் ஏறவில்லை என்று கண்டதும் போய்விட்டது.

"அப்ப அவன்கிட்ட புதுசு இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"பாஸ்," என்று மச்சானைக் கூப்பிட்டார். "நீட்டுத் துவக்கையே போடுங்க."

புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து மச்சான் இரண்டு நாளில் மாற்றி வரைந்தான். நேரான மகசின், நீண்ட குழல். முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் நிறுத்திப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, ஆமிக்காரர் பன்றி வேட்டைக்குப் போறாரா?" என்றார். தானத்தன்று பிக்குமார் படத்தின் கீழ் பிரித் ஓதினார்கள். நான் வெளியே செருப்புகளின் பக்கம் நின்றேன்.

எல்லோரும் போன பிறகு சாரதி என் கையைப் பிடித்தார். "தேடுறத விடாதீங்க மாத்தயா. தெரிஞ்சா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. வீட்டில நோனாவுக்குச் சொல்ல வேணாம்."

"எதுவாக இருந்தாலுமா?"

"எதுன்னாலும்," என்றார்.

இளைப்பாறிய படை அதிகாரிகள் இரண்டு பேருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. கல்லில் உள்ள திகதிக்கு முன் அவருடைய மகனின் கம்பனிக்கு ரி-56 வழங்கப்பட்டிருந்ததா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.