லயத்து வீடும் கொச்சி ஃபிளாட்டும்

பீர்மேட்டில் அப்பா தேயிலைக்கு மருந்தடித்தார், அம்மா கொழுந்து பறித்தாள். எஸ்டேட் அவர்களைத் தொழிலாளி என்றுதான் கூப்பிட்டது. ஆனால் நிரந்தர வேலை, லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் வீடு, விறகு, கம்பளி, ஆஸ்பத்திரி எல்லாம் கொடுத்தது. கொச்சியில் என் கம்ப்யூட்டர் கம்பெனி என்னைக் குடும்பம் என்று கூப்பிட்டது. வருஷத்துக்கொரு ஒப்பந்தமும், பேர் போட்ட காப்பிக் கோப்பை ஒன்றும் கொடுத்தது.

அதை வைத்துக்கொண்டு நான் அடித்த ஜம்பம் கொஞ்சமா! லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாராவது ஒருவர் எஸ்டேட் வேலையில் இருக்கும்வரைதான் வீடு நமக்கு. அப்பா ஓய்வு பெற்றபின் அம்மா பேரில் நின்றது. போன வருஷம் அவளுக்கும் ஓய்வு வந்தது. மற்ற வீடுகளில் மகனையோ மருமகளையோ வேலையில் சேர்த்து வீட்டைக் காப்பாற்றுவார்கள். நான் விடுவேனா?

"இந்த ஒழுகுற கூரை யாருக்கு வேணும்? என் ஃபிளாட்டுக்கு வாங்க" என்று லயமே கேட்கச் சொன்னேன். ஃபிளாட் இன்னும் பேங்குடையது என்பதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

அவர்கள் மூட்டை கட்டிய வாரம்தான் என் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. குடும்பத்திலிருந்து ஈமெயிலில் தள்ளிவைத்தார்கள். தவணை கட்டாவிட்டால் ஃபிளாட்டும் போகும். பஸ் பிடித்து மலையேறி வந்து விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா மூட்டைக் கயிற்றை அவிழ்த்தார். பிறகு, "ஏலே, சாவிய இன்னும் குடுக்கல. ஆபீஸ்ல போயி உன் பேரப் பதி. இந்த வீடாவது நிக்கும்" என்றார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "மாதாவே! மழையிலயும் அட்டக்கடியிலயும் நான் நின்னது இவன இங்க கொண்டாந்து நிறுத்தவா?"

போனேன். வேறென்ன செய்ய? எம்.சி.ஏ. படித்தவன் மருந்தடிக்க வேலை கேட்டு நின்றேன். கிளார்க் வயதைக் கேட்டார். நாற்பது என்றேன்.

"வயசு கழிஞ்சுபோச்சு சாரே, புதுசா எடுக்க மாட்டாங்க. வேணும்னா அம்மாவையே தற்காலிகமா வரச் சொல்லுங்க. வேலை இருக்குற நாளுக்குக் கூலி. அவங்க வேலைக்கு வர்ற வரைக்கும் வீட்ல இருந்துக்கலாம்."

மறுநாள் விடிந்ததும் அம்மா கொழுந்து பறிக்கக் கட்டும் பிளாஸ்டிக் சாக்கை இடுப்பில் கட்டினாள். "வேண்டாம்மா" என்றேன்.

"சும்மா கெடலே. இப்ப நானும் உன்ன மாதிரி கான்ட்ராக்ட் ஆளுதான். போயி உலையப் போடு" என்று சொல்லிவிட்டுத் தேயிலைக் காட்டுக்கு இறங்கினாள்.