நான்கு யூனிட்டுக்கு ஒரு தீயணைப்பான்

என் யூனிட்டில் தீப்பிடித்தபோது தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதன் முன்னால் போய் நின்றேன். கேட்காமல் திரும்பி வந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஆம்பூரில் எங்கள் தெருவில் நான்கு சிறிய யூனிட்டுகள். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் தோலை ஷூவின் மேல்பாகமாகத் தைத்துத் தருவது எங்கள் வேலை. நான்குக்கும் சேர்த்து ஒரே தீயணைப்பான், கழுத்தருகே சற்று நசுங்கியது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு!

ஆய்வு அதிகாரியின் ஜீப் முனையில் திரும்பியதும் டீக்கடைக்காரர் போன் செய்வார். "மாமா வந்துட்டாரு" என்பார், அவ்வளவுதான். அதிகாரி முதல் யூனிட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் தீயணைப்பான் பின்கதவு வழியாகப் போய் இரண்டாவது யூனிட்டின் ஆணியில் தொங்கும். பிறகு மூன்றாவது, நான்காவது. முதலுதவிப் பெட்டியும் கூடவே போகும். அதற்குள் நூல்கண்டுதான் இருந்தது.

சட்டம் என்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கு ஜீப் தோன்றும். ஆபத்து என்பது ஜீப்பில் வரும், கேள்வி கேட்கும், டீ குடிக்கும், போய்விடும். அது போனதும் பசை டின்னைத் திறந்து வைத்தபடி பழைய வேலையைத் தொடர்வோம். அந்தப் பசைக்கு இங்கே சொல்யூஷன் என்று பெயர். பெட்ரோலைப் போலப் பற்றிக்கொள்ளும். ஆனால் அது நோட்டீஸ் அனுப்பாதே... அதனால் நான் அதற்குப் பயந்ததில்லை.

அன்று அதிகாரி மூன்றாவதான என் யூனிட்டைப் பார்த்துவிட்டு, அடுத்திருந்த நான்காவது யூனிட்டுக்காரர் பாஷா பாயிடம் போனார். தீயணைப்பான் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஸ்விட்ச் போர்டில் ஒரு பொறி தெறித்தது. கீழே சொல்யூஷன் டின்.

ஓடினேன். பாயின் பின்கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே அதிகாரி தீயணைப்பானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தெருவுல எல்லாத்துலயும் ஒரே எடத்துல நசுங்கியிருக்கே பாய். கம்பெனி டிஃபெக்டா?"

"ஆமா சார், அதான் ரேட்டு கம்மி" என்ற பாஷா பாய் என்னைப் பார்த்துவிட்டார். "இன்னா சேகர், இப்டி வேர்த்துப்போய் நிக்கிற?"

கேட்டால் நான்கு பேரும் மாட்டுவோம். லைசன்ஸ் போகும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும், பெரிய கம்பெனி வேலை தராது... இத்தனையும் அந்த ஒரு நொடியில் தோன்றியது. தீ மட்டும் தோன்றவில்லை.

"ஒண்ணும் இல்ல பாய். சார் டீ சாப்ட்டாரான்னு கேக்க வந்தேன்."

இந்த வாயால்தான் சொன்னேன்! அதிகாரி மகிழ்ந்துபோய், சர்க்கரை கம்மியாக ஒன்று கேட்டார். டீக்கடைக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பி ஓடினேன்.

வந்தபோது தீ அணைந்திருந்தது. பதினோரு ஆண்டுகளாக என்னிடம் தைக்கும் ஸ்டெல்லா, கழிவறை வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த ஈரச்சாக்கை டின்மேல் போட்டு அமுக்கியிருந்தாள். அவளுடைய வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது.

"தீயணைக்கறது எங்க சார்?" என்றாள்.

"பாய் பின்கதவைப் பூட்டி வெச்சிருந்தாரும்மா" என்றேன்.

நம்பிவிட்டாள். இன்றுவரை நம்புகிறாள். ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன். வீட்டிலிருந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுத்தேன். இதைச் சொன்னால் நல்லவன்போலத் தெரிவேன் என்று சொல்ல வேண்டாமென நினைத்தேன்... பாருங்கள், சொல்லியும்விட்டேன். அவளுக்கு இரண்டு விரல்கள் இப்போது முழுதாக மடங்குவதில்லை. மிஷினை விட்டு, பிசிறு நூல் வெட்டும் மேசைக்கு மாறிவிட்டாள்.

அடுத்த வாரமே புதிதாக ஒரு தீயணைப்பான் வாங்கி, அவள் மேசைக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். இது எங்கேயும் போகாது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன மாதம் மறுபடியும் ஜீப் வந்தது. அதிகாரி என்னிடம் முடித்துவிட்டு வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். பின்கதவில் பாஷா பாய். நசுங்கிய பழையதற்குத் தேதி முடிந்துவிட்டதாம்.

"பத்து நிமிஷம் குடு சேகர்."

ஸ்டெல்லாதான் எழுந்தாள். வலது கையால் பிடிக்க வராததால் இடது கையால் அதை ஆணியிலிருந்து கழற்றினாள்.

"எடுத்துக்கினு போங்க பாய்" என்று கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பாவம் சார் அவுரு, ஆபீசர் கைல மாட்டிக்கப் போறாரு. பத்து நிமிஷத்துல நமக்கு இன்னா ஆயிடப் போவுது?"

அப்போதாவது தடுத்திருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து கழிவறை வாசலுக்குப் போனேன். சாக்கு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.