ஆன்சோனி என்றொரு எலி

என் பெயரில் ஒரு எலி இருக்கிறது. இனிமேல் இருந்தது என்று சொல்ல வேண்டுமாம். இதைச் சொன்னவள் என் மனைவி. அந்த எலிக்கு என் பெயரை வைத்தவளும் அவள்தான். இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்வது? சாலைக் கடைத்தெருவில் சொன்னால் சிரிக்கிறார்கள். போதகரிடம் சொன்னேன், ஜெபம் பண்ணுவோம் என்றார். எலிக்காகவா எனக்காகவா என்று கேட்டேன், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் ஆன்சன். அந்தச் சாலைக் கடைத்தெருவில் கம்பிவலை, ஆணி, கீல், குழாய் விற்கிற கடை எனக்கு. வீடு நேமத்தில். மனைவி ஷைலஜா பாறசாலைப் பக்கத்து விவசாயி தாசையனின் மகள். பெண் பார்க்கப் போனபோது ஜியாலஜி படித்திருக்கிறாள் என்றார்கள். ஜியாலஜி என்றால் குவாரிக்கு லைசன்ஸ் கொடுக்கிற உத்தியோகம் என்று என் அப்பா நினைத்துக்கொண்டு, இதைவிட நல்ல சம்பந்தம் கிடைக்காது என்று அன்றைக்கே கை நனைத்துவிட்டார். அவள் கல்லூரியில் பாடம் நடத்தப் போனாள். போனால் போகட்டும், அதுவும் கௌரவமான வேலைதானே. நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து சும்மா இருந்திருக்கலாம்.

இருந்தாளா? கல்யாணமான மறுவருஷமே குஜராத்தில் கட்ச் என்கிற பொட்டல்காட்டுக்குப் போய், மூட்டை மூட்டையாக மண்ணை ரயிலில் ஏற்றி அனுப்பினாள். நேமத்தில் இல்லாத மண்ணா? சுமை இறக்க வந்தவர் உள்ளே என்ன என்று கேட்டார். மண் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அட்டிமறிக்கூலியை இரட்டிப்பாக வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எங்கள் கொல்லையில் துணி துவைக்க இடம் கிடையாது. அவள் அந்த மண்ணை ஊறவைப்பாள், அரிப்புச் சல்லடையில் போட்டு அலசுவாள், காயவைப்பாள். மிஞ்சுகிற பொடியை மைக்ராஸ்கோப்பின் அடியில் பரப்பி, நனைத்த தூரிகை முனையால் துகள் துகளாக ஒதுக்குவாள். தேடுவது பல். ஒரு கோடியே எழுபது லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஆந்தை தின்று கக்கிய எலியின் பல். மேஜையில் மீன்குழம்பு ஆறி ஆடை கட்டும். கூப்பிட்டால், "இப்ப வந்தாச்சு" என்பாள். அந்த "இப்ப" வருவதற்குள் எனக்குப் பசி செத்துவிடும்.

தேடுவதுதான் தேடுகிறாய், ஒரு யானையைத் தேடக் கூடாதா என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். நாலு பேரிடம் சொன்னால் மரியாதையாகவாவது இருக்குமே.

"யானை மெதுவாட்டு மாறும். எலி நிறைய குட்டி போடும், சடார்னு மாறும். எந்தக் காலத்து மண்ணுன்னு அதுக்க பல்லு சொல்லிப்போடும்," என்றாள்.

அவள் மனதில் இருந்தது ஒரே ஒரு கேள்விதான், அதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மனியில், துருக்கியில், கட்சில் எல்லாம் அந்தக் காலத்து எலிகளின் பற்கள் கிடைக்கின்றன. பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கின்றன, ஆனால் ஒன்றல்ல. அங்கிருந்து இங்கே வந்தனவா, இங்கிருந்து அங்கே போயினவா, அல்லது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையா? ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே ஒரே எலி நடந்து போயிருந்தால் வழியெல்லாம் அதன் பல் கிடைக்க வேண்டும். ஜெர்மனியிலும் துருக்கியிலும் கிடைக்கிற ஒன்று கட்சில் மட்டும் கிடைக்கவில்லை. அதைத்தான் வாழ்நாள் முழுக்கத் தேடினாள். ஊரார் விடுமுறைக்கு மூணாறு போனார்கள். நாங்கள் கட்ச் போனோம். ஒருமுறை ஜெர்மனிக்கே கூட்டிக்கொண்டு போனாள். நான் பார்த்த ஐரோப்பா ஒரு அலமாரி. இழுப்பறை இழுப்பறையாகப் பல்.

என் பெயர் இதில் வந்த கதை வேறு. ஆரம்பத்தில் அவள் அலசியது மாவு அரிப்பில். அதன் கண் பெரியது. கடுகில் பாதியாக இருக்கிற பற்களெல்லாம் தண்ணீரோடு கொல்லைச் சாக்கடை ஓடையில் போய்க்கொண்டிருந்தன. இவள் ஓடைப்பக்கம் உட்கார்ந்து கண்ணீர் விடாத குறை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இந்த சல்லியம் ஒரு வழியாக முடியட்டும் என்று, மருந்துக் கம்பெனிகள் வாங்குகிற மெல்லிய ஸ்டீல் வலையைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து, நானே வெட்டி, நாலு சட்டம் வைத்து அடித்துக் கொடுத்தேன். அந்த வலையில் முதல் வாரமே ஒரு பல் நின்றது. இதுவரை யாரும் கண்டிராத தினுசு என்று குதித்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், அச்சடித்த ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றை என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "பாருங்க" என்றாள். குளிக்கப் போய்விட்டாள். புது எலியின் படமும் பெயரும் போட்டிருந்தது. முதல் பாதி வாயில் நுழையாத லத்தீன். இரண்டாவது பாதி ஆன்சோனி. கீழே, வலை செய்து கொடுத்த ஆன்சனுக்காக இந்தப் பெயர் என்று ஒரு வரி. கையைக் கழுவிவிட்டு வந்து இன்னொரு தடவை வாசித்தேன். அவள் கொஞ்சிப் பேசுகிறவள் அல்ல. கல்யாண நாளுக்குக்கூட, இன்றைக்கு என்ன கறி என்றுதான் கேட்பாள். எனக்கு அவள் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதுவும் லத்தீனில்.

விடுவேனா நான்? பல்லின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். பலாச்சக்கைச் சுளையா என்று கேட்டவர்கள் உண்டு, கோவளத்துப் பாறையா என்று கேட்டவர்கள் உண்டு. ஆணி வாங்க வந்த எல்லாருக்கும் விளக்கம் சொல்லித்தான் ஆணி கொடுத்தேன். எதிரே அரிசி மொத்தக்கடை வைத்திருக்கிற வன்னியபெருமாள், திருநெல்வேலிக்காரர், அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்ன எலி, கடையத் தொறந்தாச்சா வே?" என்பார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

போன வருஷம் ஜெர்மனியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவள் ஸ்ரீலக்ஷ்மி. கரமனை அக்ரஹாரத்துப் பெண், ஷைலஜாவிடம் படித்தவள், இப்போது அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். துருக்கியில் அவள் தோண்டி எடுத்த எலித் தாடைகளின் அச்சு வார்ப்புகள் பெட்டி நிறைய இருந்தன. ஷைலஜா அவற்றை ஒரு வாரம் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

"இஞ்ச பாருங்க. ஒங்களுக்க எலி தனி எலி இல்ல."

"பின்ன?"

"ஜெர்மன்காரங்க பண்டே கண்டுபிடிச்ச எலிதான். சின்ன வயசுல பல்லுல ரெண்டு மேடு தனித்தனியா இருக்கும். கடிச்சுக் கடிச்சுத் தேய்ஞ்சு வயசான காலத்துல ரெண்டும் சேந்து ஒரு வரம்பாட்டு ஆயிரும். எனக்கு அன்னைக்குக் கெடச்சது ஒத்தப் பல்லு. புது எலின்னு நெனச்சிட்டேன். அது கெழட்டு எலி. ஸ்ரீலக்ஷ்மிக்கு குட்டியில இருந்து கெழடு வரைக்கும் தாடை கெடச்சிருக்கு. வரிசையா வெச்சுப் பாத்தா தெரிஞ்சு போச்சு."

"செரி. கெழடாட்டே இருக்கட்டு. அதுக்கு?"

"முதல்ல வெச்ச பேருதான் நிக்கும். அதாக்கும் சட்டம். ஒங்களுக்க பேரு போவும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "எடீ, அந்த எலிக்குத் தெரியுமா அதுக்க பேரு என்னன்னு? செத்துக் கோடி வருஷமாச்சு. அதுக்கு இல்லாத பதற்றமும் வெப்ராளமும் ஒனக்கு என்னத்துக்கு? நான் சாகுற வரைக்கும் ஒரு பத்து வருஷம் பொறுத்துக்கிட்டா ஜெர்மனி முங்கியா போவும்?"

"தப்பில்லியா?" என்றாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "பல்லு இவ்வளவு தேயுற வரைக்கும் ஆந்தைக்கிட்ட மாட்டாம கெடந்திருக்கு. நல்ல சாமர்த்தியமான எலியாக்கும்," என்றாள்.

இந்தச் சமாதானம் யாருக்கு வேண்டும்? மறுநாள் கடையில் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினேன். வன்னியபெருமாள் என்னவென்று கேட்டார். வியாபாரத்தைப் பாரும் வே என்றேன். வீட்டில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு நல்ல வார்த்தை சொன்னாள், அதையும் தப்பு என்று திருப்பி வாங்கிக்கொண்டாள்.

மாசங்கள் போயின. அவள் ரிட்டயர் ஆனாள். கல்லூரியில் பொன்னாடை போர்த்தினார்கள், நான் போய் முன்வரிசையில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தேன். வீட்டில் அவள் போக்கு சரியில்லை. கம்ப்யூட்டரைத் திறப்பாள், மூடுவாள். ஏதோ கேட்க வருகிறவள் போல வாசல்வரை வருவாள், கறிக்கு உப்பு போதுமா என்று கேட்டுவிட்டுப் போவாள். சோறு இரண்டு தடவை கரிந்தது. என் பெயரைக் கொன்று கட்டுரையை அனுப்பியாகிவிட்டது, இனி என்னவாம் என்று நானும் கேட்கவில்லை.

போன வாரம் மத்தியானம் கடைக்கு ஒரு போன்.

"அங்கிள், ஸ்ரீலக்ஷ்மியாக்கும் பேசறேன். மேடம்கிட்ட நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்கோளேன். பேப்பர் எழுதி எத்தனை மாசமாச்சு! அனுப்பவே மாட்டேங்கறா."

"எந்தப் பேப்பர்?"

"அந்த எலிதான் அங்கிள். ஆத்துல ஒருத்தர்கிட்ட கேக்கணும், கேட்டுட்டு அனுப்பறேங்கறா. கேட்டேளான்னா இல்லைங்கறா. பேரைச் சந்தேகம்னு போட்டு அப்படியே விட்டுடலாம் மேடம்னேன். பொய் எழுத மாட்டேங்கறா. நிஜத்தை அனுப்பவும் மாட்டேங்கறா. நான் என்னதான் பண்றது?"

கல்லாவுக்கு மேலே திருப்பி மாட்டியிருந்த படத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"அங்கிள், உங்களுக்கு மனசிலாறதா? உங்க எலிதான் கட்ச்ல தனியா நின்னுண்டிருந்தது. அதுவும் அதே எலின்னா, ஜெர்மனி, துருக்கி, கட்ச், வழி பூரா ஒரே எலின்னு ஆயிடுத்து. மேடம் காலம் பூரா தேடினது அதுதானே? இன்னொரு கூட்டம் இதையேதான் பண்ணிண்டிருக்கா. அவா முந்திண்டா அவ்வளவுதான்."

போனை வைத்தேன். கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டேன். எதிரே வன்னியபெருமாள், "என்ன எலி, பட்டப்பகல்ல?" என்றார். பதில் சொல்லாமல் பஸ் ஏறினேன். கரமனைப் பாலத்தில் பஸ் நின்றது நின்றதுதான். இறங்கி நடக்கலாமா என்றுகூட யோசித்தேன். அவள் தேடியதெல்லாம் அவள் கையிலேயே இருந்திருக்கிறது. கண்டுபிடித்துவிட்டு, என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு, உப்பு போதுமா என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நானும் விறைத்துக்கொண்டு தின்றிருக்கிறேன்.

வீட்டில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"எடீ, நீ படிச்சவதானா?" என்று வாசலிலேயே கத்தினேன். "ஒனக்கு வாயில்லியா? என்கிட்ட கேக்கிறதுக்கு என்னத்துக்கு இத்தன மாசம்?"

"யாரு சொன்னா?"

"ஊரெல்லாம் சொல்லுது. அனுப்பு."

"நீங்க படத்த திருப்பி மாட்டினீங்கன்னு வன்னியபெருமாள் அண்ணாச்சி சொன்னாரு."

"அந்த ஆளுக்கு வேற வேலை இல்ல. அனுப்பு."

"ஒங்களுக்கு வருத்தமில்லியா?"

"இருக்குடீ! ரொம்ப இருக்கு. இல்லேன்னு நான் சொன்னேனா? வருத்தம் எனக்க பாடு. ஒரு எலிக்காக நீ கொல்லையில குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு, எனக்குக் குழம்பு ஆறிப் போச்சு, கெடச்சப்பறம் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டவா இத்தனையும்? அனுப்பு மொதல்ல!"

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுதியதை முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தாள். அப்போதுகூட ஒரு காற்புள்ளியைத் திருத்தினாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் விரலை வைத்து அழுத்தினாள்.

"போச்சு," என்றாள்.

"போவட்டு."

திரும்பினால் அழுதுகொண்டிருக்கிறாள். சத்தமில்லாமல், மூக்கை முந்தானையில் துடைத்துத் துடைத்து அழுகிறாள். அவள் அப்பா தாசையன் செத்தபோதுகூட நின்று காரியங்களை நடத்தினவள்.

"இப்ப என்னத்துக்குடீ அழுகே? நீ தேடினதுதானே கெடச்சிருக்கு? இனி எலி எந்தப் பக்கமா நடந்துதுன்னு ஜெர்மன்காரனுக்கே நீதான் சொல்லணும்."

"அது ஒங்களுக்க பேராக்கும்," என்றாள்.

அடுப்பங்கரைக்குப் போய் மீன்குழம்பைச் சூடாக்கினேன். தட்டு இரண்டையும் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் வந்துவிட்டாள்.