இரண்டாவது சிடியில் இருந்த கல்யாணம்

இருபத்தாறு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அதில் நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருப்பது, எனக்குத் தெரிந்து, ஒரே ஓர் இடத்தில்தான். அது ஒரு சினிமாவின் முடிவைப் பற்றியது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது மகள் அந்தப் படத்தின் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, அந்தத் தவளைப் படம் கெடச்சிருச்சு. போன்லயே இருக்குது. தமிழ்லயே."

"எந்தத் தவளை?" என்று கேட்டேன். எந்தத் தவளை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஏழு வயசுல பாத்தது," என்றாள் என் மனைவி, ரசத்தை ஊற்றியபடி. "இன்னும் அந்தத் தவளைய விடலியா நீ?"

மகளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. எங்களோடு ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இருக்கிறாள். ஒரு தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் வேலை. சனிக்கிழமை விடுமுறை. அன்று காலையில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடிப் பக்கம் ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறாள். பன்னிரண்டு பேர் கொண்ட குழு. ஆட்டத்தில் இறங்குவது ஐந்து பேர். மீதிப் பேர் பெஞ்சில். அந்த மீதிப் பேரில் மூன்று பிள்ளைகள் இரண்டு வாரமாக வரவில்லையாம்.

"பெஞ்சுல உக்கார்றதுக்கு எதுக்கு மிஸ் வரணும்னு கேட்டுட்டாங்கப்பா. இந்த சனிக்கெழம மட்டும் வாங்க, ஒரு படம் காட்டறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். கடைசில கேப்டன் பந்த அந்தத் தவளைகிட்ட குடுப்பான்ல, அதப் பாத்தாங்கன்னா போதும்."

நான் மோருக்குக் கை நீட்டினேன். மனைவி மோரைத் தரும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தப் படத்தை வாங்கியது ஜூஜுவாடியில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு சிடி கடையில். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கும். கடைக்காரர் கல்யாண வீடியோக்களும் பதிவு செய்து கொடுப்பார். அப்போதெல்லாம் ஒரு படம் இரண்டு சிடிகளாக வரும். இடைவேளை வரை ஒன்று, அதற்குப் பிறகு ஒன்று.

அது வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்தது. காட்டில் சில விலங்குகள், எல்லாம் கார்ட்டூன். அவற்றின் குளத்தைப் பறிக்க முதலைகள் வருகின்றன. கூடைப்பந்தில் ஜெயித்தால் குளம் உங்களுக்கு என்று பந்தயம். விலங்குகள் நகரத்துக்குப் போய் நிஜமான ஆட்டக்காரர்கள் நான்கு பேரை அழைத்து வருகின்றன. நிஜ மனிதர்கள், நிஜமான வியர்வை. அவர்கள் பக்கத்தில் கார்ட்டூன் கரடி ஓடும். மகள் டிவிக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். குழுவில் ஒரு தவளையும் இருந்தது. அதை யாரும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்த நான்கு பேரில் ஒருவனான கேப்டன் கீழே விழுந்து கிடக்கும்போது முதல் சிடி முடிந்தது.

இரண்டாவது சிடியைப் போட்டேன். மண்டபம். மேடை. மாலையோடு மணமக்கள். வரிசையில் நின்று மேடை ஏறிக்கொண்டிருந்த யாரோ நாற்பது பேர், எல்லாரும் கன்னடத்தில் பேசினார்கள். படத்தில் இது ஒரு காட்சியாக இருக்கலாம் என்று நானே பத்து நிமிடம் பார்த்தேன். மனைவி பெண்ணின் ஒட்டியாணம் பழைய மாடல் என்றாள்.

"தவளையும் கல்யாணத்துக்கு வந்திருக்குதாப்பா?" என்று மகள் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றி வருவதாகச் சொன்னேன். அந்த ஆறு நாட்களும் அவள் கேட்டது ஒரே கேள்வி. குளம் யாருக்குக் கிடைத்தது என்று கேட்கவில்லை. தவளைக்குப் பந்து கொடுத்தார்களா என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அண்ணா, உங்ககிட்டதான் போச்சா அது? அந்த அத்திபெலே கல்யாணக்காரங்க நேத்தே வந்து சட்டையப் புடிச்சிட்டாங்க. சொந்தக்காரங்க எல்லாத்தயும் உக்கார வெச்சு பொண்ணு மாப்ளைய காட்டலாம்னு போட்டா, முதலை ஓடுதாம்."

"அந்த சிடி எங்கங்க?"

"கோவத்துல ஒடச்சுப் போட்டுட்டாங்கண்ணா. வேற காப்பி இல்ல. வேணும்னா ஒரு பாம்புப் படம் தரட்டுமா?"

கல்யாணத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினேன். மகள் வாசல் கேட்டின் அருகே நின்றுகொண்டிருந்தாள். கையில் சிடி இல்லை என்பதை முதலில் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வண்டியை நிறுத்துவதற்குள் சொல்லிவிட்டேன்: "சிடி இல்லம்மா. ஆனா கடைக்காரர் போட்டுக் காட்டுனாரு. நான் முழுசாப் பாத்துட்டேன்."

"தவளைக்கு?"

"குடுத்தாங்க. கடைசி நிமிஷம். கேப்டனச் சுத்தி மூணு முதல. எல்லாரும் அவன்தான் போடுவான்னு நெனச்சுனு இருக்காங்க. அவன் பெஞ்சப் பாத்து, வாடான்னு தவளையக் கூப்புட்டு, பந்தக் குடுத்தான். தவள போட்டுச்சு."

அன்றைய நாட்குறிப்பில் இருப்பது இது: "ஜூஜுவாடி கடையில் படத்தின் இரண்டாம் பாகம் பார்த்தேன். கேப்டன் தவளைக்குப் பந்து கொடுத்தான். தவளை போட்டது." ஏன் எழுதினேன் என்று இப்போது தெரியவில்லை. நோட்டிலும் இருந்தால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும் என்று நினைத்திருப்பேன்.

நான் வேலை செய்வது தரப் பரிசோதனைப் பிரிவில். வண்டிகளுக்கான உதிரி பாகங்களை அளந்து, செக் ஷீட்டில் எழுத வேண்டும். மணிக்கு ஐந்து பாகம். முந்தைய நான்கும் சரியாக இருந்தால் ஐந்தாவதும் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். அளக்காமல் எழுதிவிடக் கை வரும். அப்படி எழுதியவர்களை நான் பிடித்திருக்கிறேன். தப்பான பாகத்தைவிட அளக்காத அளவுதான் பெரிய குற்றம் என்று புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்.

அந்தத் தவளை அளக்காத அளவு. அது வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகள் பத்தாம் வகுப்பில் பள்ளிக் குழுவின் கேப்டன். கிருஷ்ணகிரியில் இறுதி ஆட்டம். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறார்கள், சில நொடிகள்தான் பாக்கி, பந்து இவள் கையில். கூடைக்கு நேராக நிற்கிறாள். அவள் எறியவில்லை. பெஞ்சிலிருந்து சற்று முன்பு உள்ளே வந்த ஒரு பெண்ணுக்குப் பந்தைக் கொடுத்தாள். அந்தப் பெண் எறிந்தது வளையத்தைக்கூடத் தொடவில்லை. உடற்கல்வி ஆசிரியர் எல்லார் முன்னாலும் மகளைத் திட்டினார். ஓசூர் பஸ்ஸில் சூளகிரி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தவளைக்குக் குடுத்தேன்ப்பா."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சொல்லியிருக்க வேண்டியது அந்த பஸ்ஸில்தான். அன்றைய குறிப்பு: "ஒரு புள்ளியில் தோல்வி. மழை இல்லை."

இந்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிப்ட். புதன்கிழமை காலை மகள் கிளம்பிய பிறகு படத்தைப் போனில் போட்டு, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி கீரை ஆய்ந்தபடி பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

முதல் பாதி நினைவில் இருந்ததைவிட மெதுவாகப் போனது. கார்ட்டூன் கரடியின் நிழல் தரையில் சரியாக விழவில்லை. நிஜ ஆட்டக்காரர்கள் அருகில் எதுவும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. கேப்டன் கீழே விழுந்தான். அங்கிருந்து எனக்கு எல்லாம் புதிது.

முடிவில் அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. பந்தை வாங்கினான், நடுக்கோட்டிலிருந்து தானே எறிந்தான், விழுந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றி வந்தார்கள். கடைசி எட்டு நிமிடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். தவளை பந்தைத் தொடுவது ஒரே ஒரு முறை. கோட்டுக்கு வெளியே உருண்டு வரும் பந்தை எடுத்து உள்ளே வீசுகிறது. கேப்டன் எறிவது அந்தப் பந்தைத்தான். படத்தில் அது வரும் நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"நீங்க கடைல பாக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள் மனைவி. "போயிட்டு அரை மணில வந்துட்டீங்க. அரை மணில என்னா படம் பாக்கறது?"

"ஏன் சொல்லல?"

"கொழந்தைக்குச் சொன்ன கதைதானன்னு விட்டேன். கிருஷ்ணகிரிக்கு அப்பறமாவது நீங்க சொல்லியிருக்கணும். சனிக்கெழம அத்தன புள்ளைங்க முன்னாடி அவ நின்னு முழிக்கப் போறா."

வியாழக்கிழமை காலை மகளோடு கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை நடந்தேன். நான் அப்படி வருவதில்லை என்பதால் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"தவளைக்குப் பந்து குடுக்க மாட்டாங்கம்மா," என்றேன். "அந்த முடிவ நான்தான் சொன்னேன். கடைல நான் படமே பாக்கல. நேத்துதான் பாத்தேன்."

அவள் நின்றாள். பஸ் வளைவில் தெரிந்தது.

"கிருஷ்ணகிரில நான் குடுத்தேன்."

"தெரியும்மா."

"அந்தப் பொண்ணு ஸ்கூல் முடியற வரைக்கும் எங்கிட்ட பேசல. அதுவும் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அன்றும் மறுநாளும் வீட்டில் என்னோடு பேசவில்லை. தட்டு வேண்டுமா, சார்ஜர் எங்கே என்பதெல்லாம் அம்மா வழியாக வந்தன. வெள்ளிக்கிழமை நான் ஷிப்ட் முடித்து வந்தபோது அவள் தூங்கியிருந்தாள். என் நோட்டின் மேல் ஒரு சீட்டு இருந்தது: "நாளைக்கு எட்டு மணிக்கு ரெடியா இருங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

சனிக்கிழமை பள்ளி வகுப்பறையில் பெரிய டிவி. பன்னிரண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அந்த மூன்று பேர் கடைசி வரிசையில். கேப்டன் கீழே விழுந்ததும் மகள் படத்தை நிறுத்தினாள்.

"மிஸ், ஆமேலே ஏனாய்த்து?" என்றது ஒரு குரல். பிறகு என்ன ஆனது என்று கன்னடத்தில்.

"அத எங்கப்பா சொல்வாரு," என்றாள் மகள். என்னைப் பார்க்காமல்.

எழுந்து நின்றேன். முன்பு சொன்னதை அப்படியே சொன்னேன். மூன்று முதலை, கேப்டன், பெஞ்ச், தவளை. கடைசி வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கேயே நிறுத்திவிடலாம் என்று எனக்கு ஆசை வந்தது.

"ஆனா இது படத்துல இல்ல," என்றேன். "நானாச் சொன்னது. இனிமேதான் நெஜமான முடிவு."

மகள் மீதியை ஓட்டினாள். கேப்டன் எறிந்தது விழுந்ததும் முன்வரிசை கைதட்டியது. கடைசி வரிசை தட்டவில்லை.

"ஸார் சொன்னதுதான் நல்லா இருக்குது," என்றாள் அந்த மூவரில் ஒருத்தி, ஒல்லியானவள். "ஆனா பொய்யி."

"ஆமாம்மா," என்றேன்.

"அதும் நடக்காது ஸார். தவள படம் பூரா பெஞ்சுலதான் உக்காந்துனு இருக்குது. ஒரு நாளாவது ப்ராக்டிஸ்ல அதுக்கு பந்து குடுத்தாங்களா? கடைசில திடீர்னு குடுத்தா எப்டிப் போடும்?"

சிலர் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிருஷ்ணகிரி மைதானத்தை நினைத்திருக்க வேண்டும். பந்து வாங்கிய பெண்ணை, அதற்கு முந்தைய நாட்களின் பயிற்சியில் அவள் எங்கே நின்றாள் என்பதை. என் ஊகம்தான்.

"எந்திரிங்க எல்லாரும்," என்றாள். "இன்னிக்கு மொதல்ல பெஞ்சுல இருக்கறவங்க ஏழு பேரும் போடறீங்க. ஆளுக்கு இருபது. அதுக்கப்பறம்தான் மத்தவங்களுக்குப் பந்து. ஒவ்வொரு வாரமும் இப்டித்தான்."

"எங்களுக்கு எப்ப மிஸ் வரும்?" என்றது முன்வரிசை.

"வரும். நீங்க கொஞ்ச நேரம் பெஞ்சுல உக்காருங்க. அது எப்டி இருக்குதுன்னு பாருங்க."

மைதானத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நெடுஞ்சாலையில் லாரிகளின் சத்தம். மகள் என் பக்கம் வந்து ஒரு நோட்டை நீட்டினாள். "யாருக்கு எத்தன விழுதுன்னு எழுதுங்க. நீங்கதான் அளக்கற ஆளாச்சே." வியாழக்கிழமைக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

வளையத்துக்கு எதிரே, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கோடு போட்டு வைத்துக்கொண்டேன். ஒல்லிப் பெண் முதலில் வந்தாள். முதல் ஒன்பதில் ஒன்றுகூட விழவில்லை. பத்தாவது விழுந்தது. அதன் பிறகு இன்னும் மூன்று. கடைசிப் பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நின்று, வெளியே விழுந்தது.

"அஞ்சு ஸார்," என்றாள் மூச்சு வாங்கியபடி. "அது உள்ள போயிட்டுத்தான் வந்துச்சு. அஞ்சுனு போடுங்க."

மகள் அங்கிருந்தே என்னைப் பார்த்தாள்.

"நாலு," என்று சொல்லிவிட்டு, எழுதினேன்.

அந்தப் பெண் முறைத்தாள். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள், இன்னொரு முறை போடுவதற்கு.